இரண்டாம் ஏடுதொடக்கல்

விசயதசமி நாளிலே, பரப்பிய பச்சையரிசியின்மேற் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிக்கும் ஆசிரியர், எழுதுவித்தலோடு அமைந்துவிடுவதில்லை. ‘அ’ என்று தாமுஞ் சொல்லிக் குழந்தையையுஞ் சொல்லச் செய்கின்றார். விரல் எழுத, வாய் சொல்ல, செவி கேட்க, மூன்றும் ஒருங்கு நிகழும் அந்தக் கணத்திலேதான் கல்வி தொடங்குகின்றது. வாய்திறவாத குழந்தை அரிசியிற் கோடு கீறியதேயன்றி எழுத்தறிந்ததாகாது. அக்குழந்தையே வளர்ந்து, உயர்தரப் பரீட்சையிலே தேறி, பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திற் புகுந்து, பௌதிகவியலின் முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் அமரும்பொழுது அதற்கு இரண்டாம் முறை ஏடுதொடக்கல் நிகழ்கின்றது. அங்கே விரலைப் பிடிப்பாருமில்லை, சொல்லுவிப்பாருமில்லை. அதனால் விளையும் இடர் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றையே யூபிலி மலரின் இப்பக்கங்களில் எழுதப் புகுகின்றோம்.

தமிழாசிரியருக்குப் பௌதிகவியலில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று இலக்கணமும் இலக்கியமுங் கற்பித்துவரும் எமக்கு அத்துறையிற் புலமை இல்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். இங்குக் கூறும் விஞ்ஞானச் செய்திகள், துறையறிந்த நண்பரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் யாம் அறிந்துகொண்டவையே. ஆயினும், எமது அறியாமையே ஒருநாள் ஒரு மாணவனுக்குப் பயன்பட்டது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தரத்திற் சிறந்த சித்தி பெற்றுப் பௌதிகவியல் பயிலச் சென்ற எம் மாணவன் ஒருவன் முதல் அரையாண்டு முடிந்து ஊர் திரும்பியிருந்தான். கோயில் வீதியிலே எம்மைக் கண்டவன் ஒதுங்கிப் போக முயன்றான். அழைத்து வீட்டிற்குக் கூட்டிவந்து வினவினோம்.

“விரிவுரையில் ஒன்றும் விளங்கவில்லை, ஐயா. படிப்பை விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன். வீட்டில் இன்னுஞ் சொல்லவில்லை” என்றான்.

அவன் தந்தையார் கமஞ்செய்து அவனைப் படிப்பித்தவர். ஊரிலே பல்கலைக்கழகஞ் சென்ற முதற்பிள்ளை என்று அவனைக் காட்டி மகிழ்பவர். வீட்டிற் சொல்லவில்லை என்னும் அச்சொற்களின் பாரத்தை யாம் உணர்ந்தோம். “கடைசியாக என்ன படித்தீர், தம்பி? எழுதிக் காட்டும்” என்றோம். அவன் தயக்கமின்றி ஒரு சமன்பாட்டை எழுதினான். அதன் தீர்வையும் ஒரு பக்கம் நிரம்ப எழுதி முடித்தான். எழுத்துக்கள் அணிவகுத்து நின்றன. “இவ்வளவும் தெரிகிறதே, விளங்காதது எது?” என்றோம். “இது என்ன சொல்லுகிறது என்று தெரியவில்லை, ஐயா” என்றான்.

“எமக்குந் தெரியாது. முதல் எழுத்து எதைக் குறிக்கிறது? அதிலிருந்து சொல்லும்” என்றோம். அவன் சொல்லத் தொடங்கினான். விளங்காத இடமெல்லாம் மறித்துக் கேட்டோம். எம் வீட்டு முற்றத்து வேம்பிலே ஊஞ்சல் ஒன்று கட்டியிருந்தது. அதை இழுத்துவிட்டுக் காட்டினான். ஒரு மணி நேரங் கழிந்தபின், எழுத்தொன்றையும் பாராமல் இவ்வாறு சொல்லி முடித்தான்: “ஊஞ்சலின் திணிவை அதன் ஆர்முடுகலாற் பெருக்க வருவது, அதை நடுவிடத்துக்கு மீட்கும் விசையும், அதன் ஓட்டத்தைத் தடுக்கும் விசையும் சேர்ந்ததற்குச் சமம். மீட்கும் விசை, விலகிய தூரம் கூடக் கூடும். தடுக்கும் விசை, வேகம் கூடக் கூடும். தடை இருப்பதனால் ஆட்டம் வரவரத் தணிந்து ஓய்கிறது.” சொன்னவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின், “இதைத்தானா, ஐயா, இவ்வளவு நாளும் எழுதினேன்?” என்றான். அவன் படிப்பை விடவில்லை.

இந்நிகழ்ச்சியை நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். எமது துணிபு இது: பௌதிகவியலின் முதலாம் ஆண்டிலே நம் மாணவர் இடறுவது பெரும்பாலும் கணிதக் குறைவினாலன்று, அறிவுக் குறைவினாலுமன்று. அறிந்ததைத் தன் சொல்லாற் சொல்லிப் பழகாமையாலேயே இடறுகின்றனர். இக்குறை பல்கலைக்கழகத்திலே தோன்றியதன்று. பள்ளியிலே நாம் வளர்த்துவிட்டது. உயர்தரப் பௌதிகவியற் பரீட்சையின் முதல் வினாத்தாளிலே 50 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். உரியதைத் தெரிந்து அடையாளமிட்டால் அமையும். அத்தகைய வினாத்தாளை யாம் இகழவில்லை. நன்றாக ஆக்கப்பட்ட வினா நன்றாகவே சோதிக்கும். ஆனால், கடந்தகால வினாத்தாள்களை ஆண்டுக்கணக்காகச் செய்வித்து, ‘இவ்வகை வினாவுக்கு இச்சூத்திரம்’ என மனனஞ் செய்விக்கும் கற்பித்தல், மாணவனைச் சொல்லாமலே எழுதும் குழந்தையாக்கிவிடுகின்றது. இரண்டாம் வினாத்தாளிலும் மாதிரி விடைகளே அவன் கைக்கு உதவுகின்றன. அவன் வாய்க்கு வேலையில்லை.

பல்கலைக்கழகத்திலே இம்முறை ஏன் பயன்படுவதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். சீரான ஆர்முடுகலோடு இயங்கும் பொருளுக்குரிய சமன்பாடுகளைப் பள்ளியிலே எல்லோருங் கற்கின்றனர். 1,000 மீற்றர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு அவற்றைப் பிரயோகித்தால், நிலத்தை அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு 140 மீற்றர் என விடை வரும். அவ்வேகத்தோடு மழை பெய்யுமாயின் மாரியிலே நாம் வெளிக்கிடல் இயலாது. உண்மையிலே பெருந்துளிகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்துக்கு மேற் செல்வதில்லை. துளியின் வேகம் கூடக்கூட வளியின் தடையுங் கூடுகின்றது. தடை துளியின் நிறைக்குச் சமமாகியதும் ஆர்முடுகல் இல்லாதொழிகின்றது. அதன்பின் துளி மாறா வேகத்தோடு விழுகின்றது. முடிவு வேகம் என்னும் பெயரையும் அதற்குரிய சூத்திரத்தையும் நம் மாணவன் பள்ளியிலேயே அறிவான். பல்கலைக்கழகம் கேட்பது வேறு: கணத்துக்குக் கணம் ஆர்முடுகல் மாறுகையிலே துளியின் கதை யாது? அக்கதையைச் சொல்வதற்கே வகையீட்டுச் சமன்பாடு வருகின்றது. பள்ளியிற் கற்ற சூத்திரம் பிழையன்று. அஃது ஆளும் எல்லை சிறிது. எந்தச் சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கூறவல்லவனே முதலாம் ஆண்டுக்கு ஆயத்தமானவன்.

இனி, சொல் பற்றிய ஓர் இடரைத் தமிழாசிரியன் என்னும் உரிமையோடு கூறுகின்றோம். மேல்நோக்கி எறிந்த கல் உச்சியை அடையுங் கணத்திலே அதன் ஆர்முடுகல் யாது? நன்றாகப் படித்தவருள்ளும் பலர் பூச்சியம் என்பர். வேகம் பூச்சியம், ஆர்முடுகலோ அப்பொழுதும் கீழ்நோக்கி 9.8 தான். கல் மேலே செல்கையில் அதன்மேல் உள்ள விசை யாது என்று கேட்டால், எறிந்த கையின் விசை இன்னும் அதனுள் இருக்கின்றது என்பர். வளியின் தடையை விட்டால், கையை நீங்கிய கல்லின்மேல் உள்ளது அதன் நிறை ஒன்றே. இம்மயக்கத்துக்கு நம் மொழிவழக்கும் துணைசெய்கின்றது. ‘விசையாக ஓடினான்’ என்று நாம் சொல்லுகையிலே விரைவையே கருதுகின்றோம். வழக்கிலே விரைவைக் குறிக்குஞ் சொல்லைத் துறையிலே வேறொரு பொருளுக்கு வரையறுத்திருக்கின்றனர். நெல்மூட்டையைத் தலையிற் சுமந்து சமதரையிலே நடப்பவன் ஈர்ப்புக்கு எதிராக வேலை செய்யவில்லை என்று பௌதிகவியல் கூறுவதும் இத்தகையதே. சொல்லின் வழக்குப் பொருளையும் துறைப் பொருளையும் பிரித்தறிதல் தமிழ்ப் பாடத்திலே நாம் நாளும் செய்விக்கும் பயிற்சி அன்றோ?

இம்மயக்கம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஆர்வாட் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர், 1990ஆம் ஆண்டளவிலே தம் மாணவரிடம் விசை பற்றிய எளிய வினாக்கள் சிலவற்றைக் கொடுத்தார். கடினமான கணக்குகளைச் செய்தவர்கள் அவ்வெளிய வினாக்களிலே தடுமாறினர். தாங்கள் கற்பித்தவாறு விடையெழுதுவதா, தான் உண்மையில் எண்ணுகின்றவாறு எழுதுவதா என்று மாணவி ஒருவர் அவரிடமே கேட்டனராம். அதன்பின் அவர் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, வினாவொன்றைக் கொடுத்து, மாணவர் அருகிலிருப்பவர்க்கு விளக்கி வாதிடுமாறு செய்தார். அம்முறையை இன்று உலகின் பல பல்கலைக்கழகங்கள் கைக்கொள்கின்றன.

இச்செய்தியைப் படித்தபொழுது எமக்கு நன்னூலின் பொதுப்பாயிரமே நினைவுக்கு வந்தது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே; உடன் பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு; எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே வரும் என்பது பவணந்தி முனிவரின் கணக்கு. விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவன் தான் பெற்றது காற்பங்கே என்று அறிவானாயின், விளங்கவில்லையே என்று மனமுடைய மாட்டான். மற்ற முக்காற்பங்கைத் தேடுவான். அதைத் தேடும் இடம் நூலகம் மட்டுமன்று. உடன் பயிலும் நால்வர் கூடும் அறையும் ஆகும்.

ஆங்கிலம் பற்றியும் கூறாதிருத்தல் இயலாது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட காலத்தே அங்குச் சென்ற நம் மூத்த பழைய மாணவர், பள்ளியிலேயே ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்றவர். பேராசிரியர் மயில்வாகனம் அவர்களிடம் பௌதிகவியல் கேட்டவர்க்கு மொழி மாறும் இடர் இருக்கவில்லை. பின்னர்ப் பள்ளிகளிலே தாய்மொழியில் விஞ்ஞானம் வந்தது. அது நற்பேறே, அதனாலேயே கமக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகனும் விஞ்ஞானம் பயிலலாயினர். ஆனால், பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களிலே விரிவுரை இன்றும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இலே தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நிலைமை அதுவே. ஆகவே முதலாண்டு மாணவன் புதிய கருத்தையும் புதிய மொழியையும் ஒரே வேளையில் எதிர்கொள்கின்றான்.

இந்நிலையில் அவன் செய்யும் பெருந்தவறு, தமிழிலே கற்ற சொற்களையெல்லாம் கோயில் வாசலிலே செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றிவைத்துவிட்டு உட்புகுதலாம். அச்சொற்கள் எளிதிற் பிறந்தவையல்ல. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர் காலந்தொட்டு, 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் வழியாகச் சொற்றொகுதிகளை ஆக்கிய அறிஞர் காலம்வரை, பலர் உழைப்பால் விளைந்தவை. அவை பொருளைத் தம்முட் கொண்டவை. ‘வெக்டர்’ என்று விரிவுரையாளர் கூறுவதை நாம் காவி என்கின்றோம். இலத்தீன் மொழியிலே அச்சொல்லுக்குக் காவிச் செல்வது என்பதே பொருள். நம் ஊரிலே தண்ணீர்க்குடத்தைக் காவி வருகின்றோம். அளவோடு திசையையும் உடன்காவுவது காவி. மீள், திறன் என்னும் இரண்டும் புணர்ந்தது மீடிறன். ஒரு செக்கனில் எத்துணை முறை மீள்கின்றது என்பதை அது கூறுகின்றது. முடுகல் என்பது விரைதல். ஆர்முடுகலும் அமர்முடுகலும் அதன்வழி வந்தவை. இச்சொற்களைப் பிரித்துணர்ந்த மாணவனுக்கு ஆங்கிலச் சொல் அறிந்த பொருளுக்கு இடும் இரண்டாம் பெயராகும். உணராதவனுக்கு இரண்டும் வெற்றொலியே.

ஆகலின் முதலாண்டு புகுவோர்க்கு யாம் கூறும் வழி சுருக்கமானது. விரிவுரைக்கு முதல்நாள், நூலிலே அப்பகுதியை ஒருமுறை வாசித்து, அறியாத ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொல்லோடு ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்க. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருளை உம்முடைய வாக்கியம் ஒன்றால் எழுதுக. விரிவுரை முடிந்த அன்றிரவே குறிப்பை மூடிவைத்து, வெறுந்தாளிலே அதே பெறுகையை மீண்டும் செய்க. நின்ற இடமே விளங்காத இடம். கணக்கைத் தொடங்குமுன் படம் வரைந்து, அதன்மேல் உள்ள விசைகளைக் குறித்து, நிகழ்வதை இரண்டு வாக்கியத்திற் சொல்லுக. விடை வந்ததும் அலகு பொருந்துகின்றதா, பருமன் நம்பத்தக்கதா என்று பார்க்க. கிழமைக்கு ஒருநாளாவது நால்வர் கூடி, ஒருவர் கரும்பலகையில் நின்று விளக்க, மற்றவர் மறித்துக் கேட்க. முதலில் தமிழிற் சொல்லுக. விளங்கிய பின் அதனையே ஆங்கிலத்திற் சொல்லுக. பரீட்சையில் ஆங்கிலத்திலன்றோ எழுதவேண்டும்?

ஆய்கூடத்துக்கும் இது பொருந்தும். ஒரு மீற்றர் நீளமுள்ள எளிய ஊசல் ஒருமுறை ஆடி மீள ஏறக்குறைய 2 செக்கன் செல்லும். 20 அலைவுகளுக்கு 40 செக்கன் எனக் கொள்வோம். கடிகாரத்தை நிறுத்துங் கை 0.2 செக்கன் பிந்தினால் நேரத்திலே வழு நூற்றுக்கு அரை; அதிலிருந்து பெறும் ஈர்ப்பு ஆர்முடுகலிலே நூற்றுக்கு ஒன்று. எனவே 9.7 எனப் பெற்று, 0.1 அளவு முன்பின்னாகலாம் என்று எழுதுபவன் உண்மை எழுதினான். விடை 9.81 ஆகவேண்டும் என்று தொடங்கி, அதற்கேற்ப வாசிப்புக்களை ஆக்கிக்கொள்பவன் பொய் எழுதினான்; புள்ளி கூடப் பெற்றாலும் அது பொய்யே. இலக்கணத்திலே வழுவைக் காக்கின்றோம். காரணங் காட்டி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்கின்றோம். ஆய்கூடத்திலும் காரணத்தோடும் அளவோடும் கூறப்பட்ட வழுவுக்கு இழுக்கில்லை. மறைக்கப்பட்ட வழுவே இழுக்கு.

தாய்மொழிப் பற்றினால் மாணவரை ஆங்கிலத்திலிருந்து விலக்குகின்றீர் என்று எம்மைக் குறைகூறுவோர் உளர். யாம் அங்ஙனங் கூறவில்லை. ஆங்கிலத்தை நன்றாகக் கற்க வேண்டும். அதைக் கற்பிக்கும் ஆசிரியரை நம் பள்ளிகள் இன்னும் போற்றவேண்டும். ஆயினும், ஒரு கருத்தைத் தாய்மொழியிலே சொல்லமாட்டாதவன், ஆங்கிலத்திற் சொல்லும்போது மனப்பாடத்தையே ஒப்பிக்கின்றான். எம் மாணவன் எழுதிக் காட்டிய சமன்பாடு எந்த மொழியிலும் இல்லை. ஆயினும் ஒரு மொழியிலேனும் அதைச் சொல்லும்வரை அஃது அவனுக்கு விளங்கவில்லை.

குறை எம்மிடத்தும் உண்டு. விஞ்ஞானம் பயில்வோர்க்குத் தமிழ் எதற்கு என்று கேட்கும் உலகிலே, தமிழாசிரியராகிய யாமும் அவர்க்குரிய தமிழைக் கொடுத்தோமல்லோம். கட்டுரை எழுதுக என்றால் பருவமழையின் அழகை எழுதுவித்தோம். மழைத்துளி ஏன் மெதுவாக விழுகின்றது என்பதை எழுதுவித்தோமா? இனி எம் வகுப்பிலே அதையும் எழுதுவிப்போம்.

பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். உயர்தரப் பரீட்சை முடிந்த நாளுக்கும் பல்கலைக்கழகம் புகும் நாளுக்கும் இடையே பிள்ளைகள் பல மாதங் காத்திருக்கின்றனர். அக்காலம் பெரும்பாலும் வீணே கழிகின்றது. யூபிலி நினைவாக வாசலிலே வளைவு கட்டுதல் நன்று. வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. அதனோடு இதனையுஞ் செய்க: சனிக்கிழமை தோறும் நம் கல்லூரி ஆய்கூடத்தைத் திறந்துவைத்து, பல்கலைக்கழகத்திற் பயின்ற, பயில்கின்ற பழைய மாணவர் இருவர் மூவர், செல்லவிருக்கும் பிள்ளைகளோடு அமர்க. விரிவுரை செய்ய வேண்டா. அவர்களைச் சொல்லச் செய்து, விளங்காதவர்போல மறித்துக் கேட்க. இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். எங்கள் காலத்தில் எங்களுக்கு யார் செய்தார் என்று எண்ணாதிருத்தல் வேண்டும்.

நன்றாகப் படித்த பிள்ளை கோயில் வீதியிலே ஆசிரியரைக் கண்டு ஒதுங்கிப் போகும் நிலை இனி ஒருவனுக்கேனும் வராதிருக்குமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் அதுவே. தொடங்குவோர் அஞ்சற்க. எழுதுவதைச் சொல்லுக; சொல்லியதை எழுதுக.